உப்பு போட்டதும் சோப்புக் கரைசல் ஏன் கொழகொழன்னு ஆவுது?

கேள்வி: களக்காடு பக்கம் ஏத்தன் வாழை போட்டிருக்கேன். வரப்புல கோரையும் புல்லும் மண்டிக் கெடக்கு. கோமியம், கல்லுப்பு, சோப்புத் தண்ணி கலந்து அடிக்கலாம்னு, முதல்ல பாத்திரம் கழுவுற லிக்விடையும் உப்புத் தண்ணியையும் ஒரு வாளில கலக்கி வெச்சேன், ஜெல் மாதிரி ஆயிட்டு. டேங்க்ல ஊத்தி அடிச்சா நாசில்ல இருந்து தூவலா விழாம கம்பி கம்பியா இழுவுது. லிக்விட் டூப்ளிகேட்டா? கொட்டிரவா?

பதில்: கொட்டிராதீய அண்ணாச்சி, லிக்விட் டூப்ளிகேட்டும் இல்ல. உங்க ஊர்ல மகளிர் குழுவுல லிக்விட் தயாரிக்கிற அக்கா யாரையாவது கேளுங்க, கெட்டியாவுறதுக்குன்னே கடைசில உப்புத் தண்ணி கொஞ்சங் கொஞ்சமா விடுவாவ. அதத்தான் நீங்க தெரியாமலே செஞ்சிருக்கீய.

லிக்விட்ல இருக்க சோப்பு மூலக்கூறுக்கு தண்ணி பிடிக்கிற தலை ஒண்ணு, எண்ணெய் பிடிக்கிற வால் ஒண்ணு. தண்ணிக்குள்ள வாலெல்லாம் உள்ள ஒளிஞ்சு, தலையெல்லாம் வெளிய நின்னு குட்டி உருண்டையா கூடும், அதுக்குப் பேரு மைசெல். தலைல நெகட்டிவ் சார்ஜ் இருக்குல்லா, அதனால ஒண்ண ஒண்ணு தள்ளிட்டு எடம் விட்டு நிக்கும். உப்பு போட்டா சோடியம் வந்து அந்தத் தள்ளல அமத்திரும், தலையெல்லாம் நெருங்கிரும், அப்புறம் உருண்டையா இருக்க முடியாது, குச்சியா நீண்டு, இன்னும் நீண்டு புழு மாதிரி ஆயிரும். தடிப்பு ஒரு மில்லிமீட்டர ரெண்டு லட்சமா பிரிச்சா அதுல ஒரு பங்குதான், நீளம் அதவிட நூறு மடங்குக்கு மேலயும் போவும். எல்லாம் வெந்த சேமியா மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கிக்கிடும், அதான் கொழகொழப்பு. ஆனா இந்த இழை தானா அறுந்து தானா ஒட்டிக்கிடும், மிக்ஸில அடிச்சாலும் கொஞ்ச நேரத்துல பழையபடி வந்துரும். வாளில கம்ப விட்டு ஒரு சுத்து சுத்திட்டு சட்டுன்னு நிப்பாட்டி உள்ள இருக்க குமிழிய பாருங்க, சுத்தின பக்கம் போவாம கொஞ்சம் பின்னால இழுத்துட்டு வரும்.

இன்னும் உப்பு போட்டா எளகிரும்னு யாராவது சொல்லுவாவ. உண்மதான், ஒரு அளவுக்கு மேல உப்பு ஏறுனா புழு கிளை விட்டு, சிக்கல் தளந்து மறுபடி நீத்துப் போவும். ஆனா அவ்வளவு உப்ப வயலுக்குள்ள கொண்டு போவணுமா? வாழைக்கு உப்பே ஆவாது.

இப்ப கெட்டியானதுல வெந்நி ஊத்தி மெதுவா கலக்குங்க, சூட்டுல இழை குட்டையாவும், எளகிரும், பொறவு நெறைய தண்ணில கரைச்சுக்கிடுங்க. அடுத்த தடவ உப்ப தனியா கரைச்சு வடிகட்டி, கோமியத்தோட டேங்க்ல முக்காவாசி நெரப்பிட்டு, கடைசியா லிக்விட் விடுங்க, லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு மில்லி போதும், அவ்வளவு கம்மில இழையெல்லாம் சிக்குற அளவுக்கு சேராது. நுரை வராம மெல்ல கிண்டுங்க.

ராதாபுரம் பக்கம் போர் தண்ணில காதி சோப்பு கரைச்சா வெள்ளையா திரிதிரியா வரும், அது வேற கதை, அது சுண்ணாம்புச் சத்தோட சேந்து கரையாம போன சோப்பு, உப்பு போட்டோ வெந்நி ஊத்தியோ சரியாவாது, வடிகட்டித்தான் ஆவணும்.

ஒண்ணு சொல்லணும், இந்த மருந்து இலைய கருக்கும், கோரைக் கிழங்க ஒண்ணுஞ் செய்யாது, மறுபடி தழைஞ்சுரும். அத தோண்டித்தான் எடுக்கணும். வாழைத்தூருக்கு கிட்ட அடிக்காதீய, அடிச்சு முடிச்சதும் ஸ்ப்ரேயர நல்ல தண்ணில ரெண்டு தடவ கழுவி வைங்க, உப்பு நாசில்ல அரிச்சுரும்.