கிளைகளின் நீளமான யூசர்நேம்களை வேறு யூனிக்ஸ் சர்வருக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி இது: தஞ்சை, திருவாரூர் பகுதிக் கிளைகளுக்கு ஊர்ப்பெயரை வைத்து லினக்ஸில் போட்ட யூசர்நேம்களை ஏஐஎக்ஸுக்கும் பழைய ஃப்ரீபிஎஸ்டிக்கும் (இரண்டும் யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள்) கொண்டுபோக வேண்டும். பெயர் நீளத்தை எப்படிச் சமாளிப்பது?

லினக்ஸில் பயனரைச் சேர்க்கும் யூசர்ஆட் கட்டளை வழக்கமாக 32 எழுத்து வரை ஏற்கும். ஃப்ரீபிஎஸ்டி 10 முதல் அதே 32. அதற்கு முந்தையவற்றில் 16தான். திருத்துறைப்பூண்டியை ஆங்கிலத்தில் வழக்கம்போல எழுதினாலே 17 வந்துவிடும். ஏஐஎக்ஸில் மாற்றாமல் விட்டால் வரம்பு 8. அங்கே 5.3 முதல் சிஸ்0 என்ற சிஸ்டம் அமைப்பில் உள்ள மேக்ஸ்_லாக்நேம் (பெயர் நீள வரம்பு) மதிப்பைக் கூட்டலாம். பெயரின் முடிவைக் குறிக்கும் நல் பைட்டும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால் 32 எழுத்துக்கு 33 என்று கொடுத்து ரீபூட் செய்யுங்கள். நீளமான பெயர்களைச் சேர்த்த பிறகு இந்த மதிப்பைக் குறைக்கவே குறைக்காதீர்கள்.

வரம்பைக் கூட்ட வழியில்லை என்றால் பெயரைச் சுருக்கத்தான் வேண்டும். ஆனால் முதல் 8 எழுத்தை அப்படியே வெட்டும் ஸ்கிரிப்ட் வேண்டவே வேண்டாம். கும்பகோணம் கணக்குப் பிரிவு, கும்பகோணம் ஸ்டோர் இரண்டும் வெட்டிய பின் ஒரே பெயராகிவிடும். பழைய பெயர், புதுப் பெயர், யூஐடி (பயனருக்கான எண்) என்று மூன்று பத்தியில் ஒரு பட்டியல் போட்டு, புதுப் பெயர் எதுவும் இரண்டு முறை வருகிறதா என்று பாருங்கள். முழுப் பெயரை பாஸ்வேர்டு கோப்பில் குறிப்புக்கான ஜீகோஸ் புலத்தில் எழுதிவிடுங்கள்.

பெயர் மாறலாம், யூஐடி மாறக்கூடாது. கோப்பின் உரிமை டிஸ்க்கில் எண்ணாகத்தான் இருக்கிறது. கோப்புகளை நகலெடுக்க உதவும் டார், ஆர்சிங்க் இரண்டும் ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) ஓடும்போது முதலில் பெயரைத் தேடும், கிடைக்காவிட்டால்தான் எண்ணுக்குப் போகும். அதே பெயரில் அங்கே வேறு யூஐடி இருந்தால் கோப்புகள் அந்த எண்ணுக்குப் போய்விடும். அதனால் க்னூ டாரில் நியூமெரிக்-ஓனர், ஆர்சிங்க்கில் நியூமெரிக்-ஐடிஸ் என்ற ஆப்ஷன்கள் கட்டாயம்; அவை பெயரை விட்டு எண்ணையே எடுக்கும். அதற்கு முன், புது மெஷினில் அந்த எண்கள் காலியா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரே யூஐடிக்கு இரண்டு பெயர் வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை ஒரு பெயரைத்தான் காட்டும். ஒரு பெயரில் பாஸ்வேர்டு மாற்றினால் இன்னொன்றில் பழையதே இருக்கும்.

கிரான்டேப் (நேரப்படி ஓடும் வேலைகள்), மெயில் ஸ்பூல் (வந்த மெயில்) கோப்புகளுக்குப் பயனர் பெயரே கோப்புப் பெயர், அவற்றையும் மாற்றுங்கள். குரூப் உறுப்பினர் பட்டியலை மறக்க வேண்டாம். ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையின் வெளியீட்டில் பெயரைத் தேடும் ஸ்கிரிப்ட்களைத் தனியாகப் பாருங்கள்: லினக்ஸிலேயே நீளமான பெயருக்குப் பதில் யூஐடி எண்ணோ, வெட்டிய பெயரும் கூட்டல் குறியுமோ வரும். டெபியன் 11 முதல் இயல்பாக வரும் யெஸ்கிரிப்ட் வகை பாஸ்வேர்டு ஹாஷ் ஃப்ரீபிஎஸ்டியில் செல்லாது, அந்தப் பயனர்களுக்குப் புது பாஸ்வேர்டு போட வேண்டும்.

சூடோ அனுமதி தரும் சூடோயர்ஸ் கோப்பிலும், தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச்டியின் அலவ்யூசர்ஸ் (அனுமதித்த பயனர்கள்) பட்டியலிலும் இல்லாத பெயர் இருந்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. அனுமதிதான் போயிருக்கும். எனவே எஸ்எஸ்ஹெச்டியை ரீஸ்டார்ட் செய்யும்போது திறந்திருக்கும் ரூட் செஷனை மூடாமல், இன்னொரு டெர்மினலில் புதுப் பெயரால் லாகின் ஆகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.