ஏழு தோட்டம் வேண்டாம், மூன்று போதும்

கேள்வி: நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், என் பள்ளித் தோழி கோலாலம்பூரில் வேலை செய்கிறாள். ஐம்பது வயதை ஒட்டி, வார இறுதியில் எங்கேனும் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய் வைன் சுவைத்து வரலாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். தாய்லாந்தின் காவ் யாயா, ஆஸ்திரேலியாவில் பெர்த் அருகிலுள்ள சுவான் வேலியா என்பதில் குழப்பம். தோழி சனிக்கிழமை ஒரே நாளில் ஏழு தோட்டங்களுக்கு அட்டவணை போட்டு அனுப்பிவிட்டாள். வாடகைக் கார் எடுத்து மாறி மாறி ஓட்டலாம் என்கிறாள். எனக்கு வைன் அவ்வளவாகப் பழக்கமில்லை. எப்படித் திட்டமிடுவது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முதலில் தோழியின் அட்டவணையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுவைப்பதற்கு ஒரு முறை ஊற்றுவது 30 மில்லிலிட்டர் என்றும், ஒரு தோட்டத்தில் ஐந்து வகை தருகிறார்கள் என்றும் வைத்துக்கொண்டால், ஏழு தோட்டத்துக்கு 1,050 மில்லிலிட்டர் ஆகிறது. ஒரு புட்டி 750 தான். ஆளுக்கு ஒரு புட்டிக்கும் மேல் உள்ளே போன பிறகு “மாறி மாறி” ஓட்டுவதற்கு யார் மிச்சமிருப்பார்கள் என்று தோழியிடம் அன்போடு கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் என்பதே ஓட்டுநருக்கான எல்லை. நம் நாட்டிலும் 2020-இல் சட்டம் திருத்தப்பட்ட பின் அதே அளவுதான். சாலையோரத்தில் நிறுத்தி மூச்சுச் சோதனை செய்வது அங்கே அன்றாட வழக்கம். ஆகவே வாடகைக் காரை மறந்துவிட்டு, ஓட்டுநருடன் வரும் வண்டியையோ சுற்றுலா வேனையோ பதிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்று தோட்டம் போதும் என்பது என் பட்டறிவு. முதன்முறை போனபோது நானும் ஆசைப்பட்டு ஐந்து இடங்களுக்குப் போனேன். திரும்பி வந்து குறிப்பேட்டைத் திறந்தால், முதல் தோட்டத்துக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். நான்காவதற்கு “நல்லது” என்ற ஒரே சொல் மூன்று முறை, அதுவும் கோணல் மாணலாக. ஐந்தாவதற்கு ஒன்றுமே இல்லை. காலையில் ஒன்று, மதிய உணவோடு ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஊற்றித் தருபவரிடம் நின்று பேசவும் நேரம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு இடங்கள். அவற்றை நீங்கள் தேர்ந்தெடுங்கள், சனிக்கிழமையைத் தோழிக்கு விட்டுவிடுங்கள்.

இடம் என்று பார்த்தால், காவ் யாய் செலவு குறைந்தது. பினாங்கிலிருந்து பாங்காக்கிற்கு விமானம் உண்டு. அங்கிருந்து தரைவழியாக 150 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பாங்காக்கை விட்டு வெளியேறும் சனிக்கிழமை நெரிசலையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வெப்ப மண்டலத்தில் திராட்சை எப்படி விளைகிறது என்பதைக் காண அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. அங்குள்ள கிரான்மோன்டே தோட்டத்து வைனைத் தயாரிக்கும் நிக்கி லோஹித்நவி ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் படித்துவிட்டு வந்தவர்.

இருந்தாலும் உங்கள் இருவருக்கும் நான் சொல்வது சுவான் வேலி. கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்கு ஐந்தரை மணி நேரம் பறந்தாலும், கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை; இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான். விமான நிலையமும் சுவான் வேலியும் பெர்த்தின் ஒரே பக்கத்தில் இருப்பதால், வெளியே வந்து அரை மணி நேரத்தில் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே நிற்கலாம். 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே அங்கே கொடி நட்டுவிட்டார்கள். சாண்டல்ஃபோர்டு தோட்டம் 1840-இல் தொடங்கியது. செனின் பிளாங், வெர்டேலோ என்ற வெள்ளை வைன்களுக்குப் பெயர்பெற்ற வட்டாரம் அது. பிப்ரவரி அறுவடைக் காலம், வெயிலும் கொளுத்தும். ஏப்ரல் அல்லது செப்டம்பர் நம் வயதுக்கு ஏற்றது. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் ஈடிஏ என்னும் மின்னணு அனுமதியைக் கைப்பேசிச் செயலி வழியாக எடுத்துக்கொள்ளலாம். சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். வீட்டில் யாராவது பையில் முறுக்கும் ஊறுகாயும் திணித்திருந்தால், அங்கே இறங்கும்போது உணவுப் பொருள் இருப்பதாக மறைக்காமல் அறிவித்துவிடுங்கள். கறிவேப்பிலையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பழக்கமில்லை என்று கூச்சப்பட வேண்டாம். சுவைக்கும் மேசையில் ஒரு கலம் இருக்கும். வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு அதில் துப்பிவிடலாம். அது மரியாதைக் குறைவல்ல, தொழில் தெரிந்தவர்கள் செய்வதே அதுதான். வெள்ளையில் தொடங்கிச் சிவப்புக்குப் போங்கள். இனிப்பு வகை கடைசியில் வரட்டும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் மூக்கு இருக்கிறது. சிவப்பு வைன் ஈறுகளைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தால் பயந்துவிடாதீர்கள். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் துவர்ப்பு அது. பாக்கு மென்ற நம் பாட்டிமாரின் நாக்கு அதை உடனே கண்டுகொண்டிருக்கும். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த நாம் இன்னொரு தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் பணம் கட்டுவதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. சம்சு என்னும் மலிவுச் சாராயத்தால் நம் குடும்பங்கள் பட்ட பாட்டை அறிந்தவள் என்பதால்தான், துப்பும் கலத்தை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: நான் சைவம். நண்பரோடு இப்படியொரு பயணம் போகிறேன். வைன் திராட்சைச் சாறுதானே, அதில் என்ன தடை இருக்கப் போகிறது?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: சாறு சைவம்தான், அதைத் தெளிய வைக்கும் முறையில்தான் சிக்கல். கலங்கலை அடியில் படிய வைப்பதற்கு முட்டை வெள்ளைக்கரு, பாலின் கேசீன், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றைச் சில தயாரிப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அவை வண்டலோடு நீக்கப்பட்டுவிடும் என்றாலும், பட்டும் படாமலும் இருப்பதை ஏற்பதா என்பது உங்கள் நெறியைப் பொறுத்தது. பென்டோனைட் என்னும் களிமண்ணால் தெளிய வைப்பவர்களும், தெளிய வைக்காமலே புட்டியில் அடைப்பவர்களும் உண்டு. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். விலங்குப் பொருள் எதுவும் சேராதது என்ற பொருளில் ‘வீகன்’ என்று அச்சிட்ட புட்டிகளும் கிடைக்கின்றன. மதிய உணவுக்கும் அப்போதே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பாலாடைக்கட்டித் தட்டோடு மாலை வரை இருக்க வேண்டியதுதான்.

இரண்டு கடிதங்களிலும் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும்போது மலேசியச் சுங்கத்தில் வரியில்லாமல் அனுமதிக்கும் மது மொத்தம் ஒரு லிட்டர். ஆளுக்கு ஒரு புட்டி அதற்குள் அடங்கும், இரண்டாவதற்கு வரி கட்ட நேரும். அந்த ஒன்றைக் கைலியில் இறுகச் சுற்றி, பெட்டியின் ஓரத்தில் அல்ல, துணிகளுக்கு நடுவில் வையுங்கள்.