வெட்டு எங்கே விழுந்தது?

இந்த இதழில் வீடியோ பற்றிய கேள்விகள் மட்டும். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏ.ஐ. பற்றியவை. மற்றவை, ஏ.ஐ. வருவதற்கு முன்பே இருந்த தலைவலிகள். செய்தி சேனலில் எடிட்டராகக் காலம் தள்ளியவள் நான். பதில்களில் தொழில் புத்தி எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீடியோ ஏ.ஐ.யா, நிஜமா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டா? விரல்களை எண்ணிப் பார்க்கச் சொல்கிறான் என் பேரன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், விழுப்புரம்

பேரன் சொல்வது பழைய பாடம். இப்போதெல்லாம் விரல்கள் ஒழுங்காக ஐந்து வந்துவிடுகின்றன.

2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனா லிஃப்டுக்குள் நுழைவதுபோல ஒரு வீடியோ சுற்றியது ஞாபகம் இருக்கிறதா? ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால், தொடக்கத்தில் ஒரு கணம் வேறொரு பெண்ணின் முகம் தெரியும்; அடுத்த கணம் ராஷ்மிகா. பிரிட்டனில் வாழும் ஒரு பெண் இன்ஸ்டாகிராமில் போட்ட வீடியோவில் முகத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். அன்றைக்கு ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைக்கும் தெரியும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

அதனால் முகத்தை ஆராய்வதைவிட, வீடியோ எங்கிருந்து வந்தது என்று தேடுவது மேல். ஓடுகிற வீடியோவை நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடித் தருகிற கூகுள் லென்ஸில் போடுங்கள். முகங்கள் நிறைந்த ஃபிரேமைவிட கடைப் பலகை, பஸ்ஸின் பக்கவாட்டு எழுத்து, கோபுரம், மேம்பாலம் என்று ஏதாவது தெரிகிற ஃபிரேம் நல்லது. 'நேற்று நடந்தது' என்று வந்த வீடியோ மூன்று வருஷத்துக்கு முன்பே யாரோ போட்டதாக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. ஏ.ஐ.யா இல்லையா என்ற கேள்விக்கே வேலை இல்லை. உங்கள் குடும்ப குரூப்பில் வருகிறவற்றில் இந்த ரகம்தான் அதிகமாக இருக்கும், தேடிப் பாருங்கள்.

2023-இல் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று எங்கள் ஊரைப் பற்றி வீடியோக்கள் பரவின. கம்பெனி ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். 'அடிப்பது வீடியோவிலேயே தெரிகிறதே, எப்படிப் பொய் என்கிறீர்கள்?' என்று இன்னமும் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது?
– பனியன் கம்பெனி நடத்துபவர், திருப்பூர்

அடிதடி நடந்தது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். யார், யாரை அடித்தார்கள் என்பதில்தான் பொய். அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு அப்போதே விளக்கினார்: திருப்பூர் வீடியோவில் மோதிக்கொண்ட இரு தரப்பும் பீகார் தொழிலாளர்கள், கோவை வீடியோ உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. படத்தில் கைவைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மேலே எழுதிய ஒரு வரி எல்லா வேலையையும் செய்துவிட்டது.

அந்த வருஷம் ஹோலி மார்ச் 8. அதற்கு முந்தைய வாரம் வடக்கே போகிற ரயில்களில் எப்போதும் கூட்டம்தான். பண்டிகைக்குப் போகிறவர்களும், வீடியோவைப் பார்த்துப் பயந்து கிளம்பியவர்களும் ஒரே பிளாட்பாரத்தில் நின்றார்கள். அந்தக் கூட்டத்தைப் படம் பிடித்து 'உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்' என்று போட்டால், யார் எதற்குப் போகிறார்கள் என்று எந்த கேமரா பிரித்துக் காட்டும்? முதல் வீடியோ கிளப்பிய பயம் அடுத்த வீடியோவுக்குக் காட்சியாகிவிட்டது.

நடித்து எடுத்ததும் உண்டு. காயத்துக்குக் கட்டுப் போட்டதுபோல் இருவரைக் காட்டிய ஒரு வீடியோ, பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடித்ததே பீகார் போலீஸ்தான். வீடியோக்களைப் பரப்பிய வழக்கில் கைதான யூடியூபர் மணீஷ் காஷ்யப் மீது தமிழக அரசு தேசியப் பாதுகாப்புச் சட்டத்தையும் பாய்ச்சியது. அந்தத் தடுப்புக்காவலை உயர் நீதிமன்றம் பிறகு ரத்து செய்தது. பொய்ச்செய்தி வழக்குக்கு இருக்கிற பிரிவுகளே போதும். பெரிய சட்டத்தை எடுத்தால் பொய் சொன்னவர் தியாகி ஆகிவிடுகிறார் என்பது என் அபிப்பிராயம். உங்கள் ஊரில் இதை ஏற்க மாட்டார்கள் என்று தெரியும்.

யூடியூப் வீடியோவின் முகப்புப் படத்தில் (தம்ப்நெயில்) எப்போதும் யாராவது கதறி அழுகிறார்களே, ஏன்?
– இல்லத்தரசி, தேனி

நாம் தொடுகிறோமே, அதனால்.

பி.பி.சி.யே டிரம்ப் பேச்சை வெட்டி ஒட்டி மாட்டிக்கொண்டதே! அப்படியானால் வெட்டுவதே தப்புதானா? நீங்களும் வெட்டியவர்தானே?
– வங்கி ஊழியர், கும்பகோணம்

வெட்டியவள்தான். அமைச்சர் நாற்பது நிமிடம் பேசுவார். செய்தியில் அவருக்குக் கிடைப்பது இருபது நொடி. வெட்டாமல் செய்தி கிடையாது. ஒட்டுகிற இடத்தில்தான் விவகாரம்.

ஒருவர் பேசிய ஒரு வாக்கியத்தையும், வெகுநேரம் கழித்துப் பேசிய இன்னொன்றையும் எடிட்டிங் டைம்லைனில் அடுத்தடுத்து வைத்தால் படம் துள்ளும். இடப்பக்கம் சாய்ந்திருந்த தலை சட்டென்று நிமிர்ந்துவிடும். கையிலிருந்த காகிதம் காணாமல் போகும். இதை ஜம்ப் என்போம். மறைப்பது சுலபம். துள்ளுகிற இடத்தின் மேல் ஒரு கட் அவே போட வேண்டியதுதான்: குறிப்பெடுக்கும் நிருபரின் கை, வரிசையாக நிற்கும் கேமராக்கள், கைதட்டும் கூட்டம், எது வேண்டுமானாலும். அடியில் குரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பார்ப்பவருக்கு ஒரே மூச்சில் பேசியதுபோலத் தோன்றும்.

எனக்குத் தொழில் கற்றுத் தந்த சீனியருக்கு அது ஆகவே ஆகாது. "மூடாதே, ஃபிளாஷ் போடு" என்பார். இரண்டு பேச்சுத் துண்டுக்கும் (பைட் என்போம்) நடுவில் இரண்டு மூன்று ஃபிரேம் வெறும் வெள்ளை. கண் சிமிட்டுகிற நேரம்தான். ஆனால் இங்கே கத்தரி விழுந்திருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். அழகாக இருக்காது. புரொட்யூசர்கள் முகம் சுளிப்பார்கள். பழைய செய்தித் தொகுப்புகளில் இந்த வெள்ளை மின்னலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு ஷார்ட்ஸில் நொடிக்கொரு ஜம்ப் வருவதால், வெட்டு என்பதே யார் கண்ணிலும் படுவதில்லை.

சரி, பி.பி.சி.க்கு வருவோம். 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் பேசியதில், 'கேப்பிடலுக்கு (அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்கு) நடந்து போவோம், நானும் உங்களோடு இருப்பேன்' என்ற பகுதியையும், கடுமையாகப் போராடுவோம் என்கிற பகுதியையும் 2024 அக்டோபரில் ஒளிபரப்பான பனோரமா நிகழ்ச்சியில் சேர்த்துவைத்தார்கள். நிஜத்தில் இரண்டுக்கும் இடையே ஐம்பது நிமிடத்துக்கு மேல் இடைவெளி. 'அமைதியாக' என்று அவர் சொன்னது விடுபட்டுப்போனது. 2025 நவம்பரில் விஷயம் வெடித்து, தலைமை இயக்குநர் டிம் டேவியும் செய்திப் பிரிவின் தலைவர் டெபோரா டர்னஸும் பதவி விலகினார்கள்.

ஒரு வெள்ளை ஃபிளாஷ் இருந்திருந்தால் பாதி வம்பு குறைந்திருக்கும். விட்ட சொல் சின்னதில்லை என்பதால் மீதிப் பாதி அப்போதும் இருந்திருக்கும். எனக்கு எரிச்சல் என்னவென்றால், அன்றைக்குக் கேப்பிடலில் கலவரம் நடந்ததை உலகமே பார்த்தது. அதைச் சொல்ல இந்த ஒட்டு வேலை தேவையே இல்லை.

ஒட்டாமலும் ஏமாற்றலாம். வாலை நறுக்கினால் போதும். 2018-இல் பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் பையனைத் தூக்கிக்கொண்டு போகிற வீடியோ இந்தியா முழுக்கச் சுற்றியது. அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். மூலத்தில் பைக் திரும்பி வரும், பையனை இறக்கிவிடுவார்கள், எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ நறுக்கிவிட்டு அனுப்பினார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுகிறார்கள் என்ற வதந்தி தமிழ்நாட்டையும் விடவில்லை. அந்த மே மாதம் போளூர் அருகே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். குலதெய்வம் கும்பிட வந்தவர். ஒரு பார்வர்டை ஐந்து சாட்டுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாது என்று வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது ஜூலையில்.

யூடியூபர்களைப் பத்திரிகையாளர்கள் என்று சொல்லலாமா?
– இதழியல் மாணவர், மதுரை

எதிர்த்தரப்புக்கு போன் போட்டுக் கேட்டாரா? தப்பாகப் போட்டதை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி திருத்தினாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் சொல்லலாம். பெரிய சேனல்களையும் இதே கேள்விகளால் அளந்து பாருங்கள். சிலர் தேற மாட்டார்கள். ஒரு தகவலும் சொல்லிவிடுகிறேன்: பிரஸ் கவுன்சிலின் அதிகாரம் அச்சுப் பத்திரிகைகள், செய்தி ஏஜென்சிகளோடு நின்றுவிடுகிறது. யூடியூப் சேனல் மீது அங்கே புகார் எழுதிப் பயனில்லை.

பீச்சில் கல்லூரி மாணவியான என் மகளிடம் மைக்கை நீட்டி, காதல், அது இது என்று ஏதேதோ கேட்டிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.
– ஒரு தாய், சென்னை

மகளைத் திட்டாதீர்கள். முதலில் அது.

2021 ஜனவரியில் பெசன்ட் நகர் கடற்கரைப் பேட்டி ஒன்றுக்காக ஒரு யூடியூப் சேனலைச் சேர்ந்த மூவர் கைதானார்கள். புகார் கொடுத்தது பேட்டியில் பேசிய பெண்தான். காசு கொடுத்து, இன்னின்ன மாதிரி பேசு என்று சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தார்கள். கமெண்ட் பகுதியை மூடிவைப்போம் என்று வாக்குக் கொடுத்து மீறினார்கள் என்பது அவர் புகார். 'மக்கள் கருத்து' என்று நாம் பார்த்தது எழுதிக்கொடுத்த வசனம். நாலு பேர் ஆபாசமாகத் திட்டிய கமெண்ட் மட்டும் அசல்.

வீடியோ இன்னும் வரவில்லை என்றால், போடக் கூடாது என்று சேனலுக்கு இன்றே எழுத்தில் அனுப்புங்கள்; போனில் பேசுவது சாட்சியாகாது. வந்துவிட்டால் லிங்க், தேதி, கமெண்டுகள் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்த பிறகே புகார் செய்யுங்கள். அவர்கள் அழித்துவிட்டு 'அப்படி ஒன்றும் போடவில்லையே' என்பார்கள். யூடியூபில் தனியுரிமைப் புகாருக்குத் தனிப் படிவம் இருக்கிறது. மிரட்டலோ ஆபாசமோ இருந்தால் நேராக சைபர் கிரைம். அப்புறம், மகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: அடுத்த தடவை மைக் நீண்டால், அவளும் தன் போனை எடுத்து அவர்களைப் படம் பிடிக்கட்டும். மைக் அநேகமாக மடங்கிவிடும்.

தியேட்டர் வாசல் பப்ளிக் ரிவ்யூக்களை நம்பலாமா?
– சினிமா ரசிகர், சேலம்

முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர் ரசிகராகத்தான் இருப்பார், இல்லையென்றால் தூக்கம் கெட்டவராக இருப்பார். இருவர் பேச்சையும் பாதி தள்ளுபடி செய்துவிடுங்கள். 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்து, தியேட்டர் வளாகத்துக்குள் இந்த சேனல்களை விடாதீர்கள் என்று கேட்டார்கள். 'படம் வேற லெவல்' என்று கத்துகிறவரையும் சேர்த்தே தடுப்பார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

2009-இல் பிரிட்டனின் சேனல் 4 வெளியிட்ட வீடியோவை இலங்கை அரசு போலி என்றது. அதே வீடியோ இன்று வந்தால் 'ஏ.ஐ.' என்ற ஒரே சொல்லில் தள்ளிவிட மாட்டார்களா?
– யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், லண்டன்

தள்ளப் பார்ப்பார்கள். உண்மையான காட்சியைப் பொய் என்று சொல்லித் தப்பிக்கிற வசதிதான், போலி வீடியோக்கள் பெருகியதில் அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் கிடைத்த பெரிய லாபம்.

ஆனால் அந்த வீடியோவுக்கு என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். கைகள் கட்டப்பட்டவர்களைச் சுட்டுக் கொல்லும் காட்சி அது. சேனல் 4 ஒளிபரப்பியது 2009 ஆகஸ்டில். அரசு மறுத்தது, தன் தரப்பு நிபுணர்களையும் நிறுத்தியது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளராக இருந்த பிலிப் ஆல்ஸ்டன், தடயவியல் மருத்துவம், வீடியோ ஆய்வு, துப்பாக்கி என்று துறைக்கு ஒருவராக மூன்று சுயேச்சை நிபுணர்களிடம் கொடுத்தார். துப்பாக்கி பின்னுக்கு உதைப்பது, குண்டு பட்ட உடல் சாய்வது, படமும் ஒலியும் என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். 2010 ஜனவரியில் வந்த முடிவு, வீடியோ உண்மையானது என்பதையே வலுவாகக் காட்டுகிறது என்றது.

எடிட்டராக என்னை அசைத்தது அடுத்த பகுதி. தங்களால் விளக்க முடியாதவற்றையும் சேர்த்தே வெளியிட்டார்கள்: சுடப்பட்ட சிலரின் அசைவு, கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த 17 ஃபிரேம்கள், கோப்பில் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி. போர் முடிந்ததோ மே மாதத்தில். எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்தும் மறைக்கவில்லை. 2011-இல் ஆல்ஸ்டனுக்கு அடுத்து வந்த கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ், நீளமான பிரதியையும் ஆராயவைத்து உண்மையானது என்றே சொன்னார்.

இன்றைக்கு வந்தாலும் இதே வேலையைத்தான் செய்ய வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் 'போலி' என்ற சொல் ஊர் சுற்றி வந்துவிடும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கண்ணெதிரே ஒரு விபத்து நடந்தால், நான் எடுக்கும் வீடியோவை சேனலுக்கு அனுப்பலாமா? எப்படி அனுப்புவது? காசு கேட்கலாமா?
– ஆட்டோ ஓட்டுநர், திருநெல்வேலி

108-க்கு போன் செய்த பிறகுதான் கேமராவை எடுப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பதில் சொல்கிறேன்.

போனைக் குறுக்காகப் பிடியுங்கள். அடிபட்டவரின் முகத்துக்குக் கிட்டே போகாதீர்கள். அவர் வீட்டுக்குத் தகவல் போவதற்கு முன் உங்கள் வீடியோ போய்விடக் கூடாது. வண்டிகள் நிற்கிற நிலை, சாலை, சிக்னல், இவைதான் பிறகு உதவும். நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். இடத்தையும் நேரத்தையும் நீங்களே வாயால் சொல்லிப் பதிவு செய்யலாம்.

பாட்டுச் சேர்க்காதீர்கள், வட்டம் போடாதீர்கள், நறுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும். 'டாக்குமெண்ட்' என்று இருப்பதைத் தொட்டு அனுப்புங்கள். போனில் இருக்கிற மூலத்தை அழிக்கவே அழிக்காதீர்கள். நாளைக்குப் போலீஸ் கேட்டால் அதுதான் செல்லும்.

காசு தாராளமாகக் கேளுங்கள். எடுத்தது நீங்கள், உரிமையும் உங்களுடையது. எத்தனை தடவை காட்டுவார்கள், வேறு சேனலுக்குக் கொடுப்பார்களா, உங்கள் பெயரைப் போடலாமா, போடக் கூடாதா என்பதையெல்லாம் அனுப்புவதற்கு முன்பே மெசேஜில் எழுதி வாங்கிவிடுங்கள். அனுப்பிய பிறகு கேட்டால் அந்தப் பக்கம் போன் எடுக்க மாட்டார்கள்.