தாத்தாவின் தாவா நம்பர்: பழைய கோர்ட் கட்டுகளில் குடும்பத்தைத் தேடுவது – கேள்வி பதில்

முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக முன்சீப் கோர்ட் ரிக்கார்டு ரூமுக்கு நடந்தவன் நான். தாவா என்றால் வழக்கு; கட்டு என்றால் ஒரு வழக்கின் காகிதங்களைச் சேர்த்துக் கட்டிவைத்தது. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொள்ளுத்தாத்தா பெயர் மட்டும் தெரியும் ஐயா. கோர்ட்டில் எங்கே ஆரம்பிப்பது?

கோர்ட்டில் ஆரம்பிக்காதீர்கள் தம்பி. வழக்கு எண்ணும் வருஷமும் இல்லாமல் போனால் யாரும் கட்டை அவிழ்க்க மாட்டார்கள். முதலில் வீட்டுப் பெட்டியைத் திறங்கள். பழைய கிரயப் பத்திரத்தில், சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் இடத்தில், ‘இன்ன முன்சீப் கோர்ட் ஓ.எஸ். இத்தனாம் நம்பர் டிக்ரிப்படி’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். ஓ.எஸ். என்றால் அசல் சிவில் வழக்கு; டிக்ரி என்றால் தீர்ப்பை ஒட்டிக் கோர்ட் எழுதித் தரும் உத்தரவு. பத்திரமே இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகம். சென்னை மாகாணத்தில் பத்திரப்பதிவு 1865-இல் தொடங்கியது. அங்கே ஆள் பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு ஓர் அட்டவணை உண்டு. கிராமத்தை வைத்துச் சொத்து அட்டவணையில் தேடச் சொல்லுங்கள். நம் வீடுகளில் தாத்தா பெயரே பேரனுக்கும் வரும். பெயரை மட்டும் நம்பிப் போனால் நாலு சுப்பையாவில் எந்தச் சுப்பையா என்று விழிக்க வேண்டியதுதான்.

பாகப்பிரிவினை வழக்கின் டிக்ரி நகல் கையில் இருக்கிறது. அதில் எதைப் பார்க்க வேண்டும்? (கேட்டவர் வாதியின் பேத்தி)

அம்மா, உங்களுக்குக் கிடைத்தது பொக்கிஷம். முதல் பக்கத்தில் வாதி, பிரதிவாதி ஒவ்வொருவருக்கும் தகப்பனார் பெயர், ஊர் இருக்கும். பிராதும் (வாதி கொடுத்த வழக்கு மனு) கிடைத்தால் வயது, தொழில்கூடத் தெரியலாம். ‘2-ஆவது பிரதிவாதி இறந்துபோனதால் அவருடைய வாரிசுகளாக 5 முதல் 8 வரை சேர்க்கப்பட்டனர்’ என்ற வரியைத் தேடுங்கள். ஒரு வீட்டின் அடுத்த தலைமுறை அப்படியே அங்கே நிற்கும். வாரிசு சேர்க்கக் கெடு உண்டு, இன்றைய சட்டத்தில் 90 நாள். அதனால் அந்த மனுவில் இறந்த தேதியைக் கவனமாகவே எழுதுவார்கள். பெரியவர்களின் வயதை அவ்வளவு நம்ப வேண்டாம், ‘சுமார் 40’ என்பது குமாஸ்தா போட்டதாகக்கூட இருக்கும். நானே போட்டிருக்கிறேன்!

தபசிலை, அதாவது சொத்துப் பட்டியலை, விட்டுவிடாதீர்கள். நான் பார்த்த ஒன்றில் ஓர் உரல், இரண்டு அண்டா, ஒரு கறவை எருமை, கிணற்றில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் முறை என்று இருந்தது. அந்தக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று இதைவிட யார் சொல்லப்போகிறார்கள்?

ஒரு எச்சரிக்கை. வாதி கொடுக்கும் வம்சாவளி அவர் கட்சிக்காரப் பேச்சு. பங்கு கொடுக்க மனமில்லாத சித்தப்பா அதில் பிறந்திருக்கவே மாட்டார். எதிருரையும் (பிரதிவாதி கொடுத்த பதில்) கிடைத்தால் சேர்த்துப் படியுங்கள். அதேபோல, இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-க்கு முந்தைய கட்டுகளில் மகள்களைக் காணவில்லை என்றால் மகள்களே இல்லை என்று எண்ணாதீர்கள். பங்கு இல்லாதவரைக் கட்சியாகச் சேர்க்கும் வேலை இல்லை, அவ்வளவுதான். ஜீவனாம்ச வழக்குகளில் பெண்களைத் தேடலாம்.

‘பசலி 1310, பிலவ வருஷம் ஆனி மாசம்’ என்றால் எந்த வருஷம் சார்?

பசலி என்பது ஜூலையில் தொடங்கும் நிலவரிக் கணக்கு ஆண்டு. அதோடு 590 கூட்டுங்கள்: 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. பிலவ அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருவது. 1841, 1901, 1961. ஆனி பிறப்பதோ ஜூன் நடுவில். ஆக 1901 ஜூன் கடைசிப் பாதி. ஜூலை முதல் தேதி தாண்டியிருந்தால் பசலி 1311 என்று எழுதியிருப்பார்கள்.

எங்கள் ஊர் சாத்தூர் பக்கம். ராமநாதபுரத்தில் தேடியும் 1890-களின் வழக்கு கிடைக்கவில்லை.

கிடைக்காது. ராமநாதபுரம் மாவட்டமே 1910-இல்தான் பிறந்தது. அதற்கு முன் சாத்தூர் திருநெல்வேலிச் சீமை; 1985-க்குப் பிறகு விருதுநகர். வழக்கு நடந்த வருஷத்தின் எல்லைப்படி திருநெல்வேலியில் விசாரியுங்கள்.

வழக்கில் சம்பந்தப்படாத எனக்கு நகல் கொடுப்பார்களா?

நகல் மனுவோடு, ஏன் வேண்டும் என்று பிரமாண வாக்குமூலம் வைக்க வேண்டும். கோர்ட் உத்தரவிட்டால் கிடைக்கும். கட்சிக்காரரின் கொள்ளுப்பேரன் என்று உறவைக் காட்டினால் நல்லது. ஆனால் எல்லாம் இருக்கும் என்று போகாதீர்கள். ஆவணங்களை அழிப்பதற்கென்றே 1917-இல் ஒரு சட்டம் வந்தது. சொத்துரிமை வழக்கின் தீர்ப்பும் டிக்ரியும் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். சாட்சி வாக்குமூலம், ரசீது எல்லாம் முதலில் போய்விடும். மேல்முறையீடு போன வழக்கானால் அச்சான சட்ட அறிக்கைகளையும் பாருங்கள். சிவகங்கை ஜமீன் வாரிசு வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863-இல் தீர்ந்தது; அந்தத் தீர்ப்பை இன்றும் யாரும் படிக்கலாம்.

எங்கள் வீட்டில் கோர்ட் வாசலை மிதித்தவரே கிடையாது. நாங்கள் என்ன செய்வது?

புண்ணியவான்கள்! முன்னோருக்குக் கோயில் ஊழியத்துக்கோ வேறு ஊர்ப் பணிக்கோ மானியம் இருந்ததா என்று கேளுங்கள். 1858-இல் அமைந்த இனாம் (மானிய நில) கமிஷனின் பதிவேடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மானியம் யார் பெயரில் இருந்தது என்பது அதில் வரும். அதுவும் இல்லையா? சரி, பக்கத்து வயல்காரர் போட்ட வழக்கைத் தேடுங்கள். அவர் தபசிலில் நான்கெல்லை சொல்லும்போது ‘மேற்கே இன்னார் புஞ்சை’ என்று உங்கள் தாத்தா நின்றுகொண்டிருப்பார்.