ஐந்து நாளைக்குக் கொடுத்த பொட்டாசியம் சிரப், ஐந்து வாரமாகத் தொடர்கிறது. சரியா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. 12 வருடமாகச் சர்க்கரை, பி.பி. இரண்டும் இருக்கிறது. மெட்ஃபார்மின், டெல்மிசார்டான் 40, குளோர்தாலிடோன் 12.5 மாத்திரைகள் சாப்பிடுகிறார். ஐந்து வாரத்துக்கு முன்பு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. அப்போது ரத்தத்தில் பொட்டாசியம் 3.1, கிரியாட்டினின் 1.3. பொட்டாசியம் குளோரைடு சிரப் 15 மி.லி. வீதம் இரண்டு வேளை, ஐந்து நாளைக்குக் குடிக்கச் சொன்னார்கள். இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது அதனால் குறைந்த மாதிரி இருந்தது; நாங்களே மருந்துக் கடையில் வாங்கித் தொடர்ந்து கொடுக்கிறோம். தினமும் ஓர் இளநீர். சமையலுக்கு லோ சோடியம் உப்பு. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் 99 மி.கி. பொட்டாசியம் மாத்திரை அனுப்பியிருக்கிறார். அதையும் ஆரம்பிக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: ஆரம்பிக்க வேண்டாம். சிரப்பையும் இன்றோடு நிறுத்துங்கள். இளநீரும் லோ சோடியம் உப்பும் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வேண்டாம். பி.பி. மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நாளைக் காலையிலேயே பொட்டாசியம், சோடியம், கிரியாட்டினின், மக்னீசியம் நான்கும் பார்த்து, அந்தச் சீட்டோடு அம்மாவின் மருத்துவரிடம் போங்கள். கை கால் துவண்டுபோவது, நெஞ்சு படபடப்பது, நாடி விட்டு விட்டுத் துடிப்பது, மூச்சு வாங்குவது, மயக்கம் வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காமல் இ.சி.ஜி. வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கூட்டிக்கொண்டு போங்கள். எந்த அறிகுறியும் இல்லை என்பதால் நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. பொட்டாசியம் ஏறுவது பல சமயம் வெளியே தெரியாது. இதயத் துடிப்பு தடுமாறுவதே முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் கணக்கைப் பாருங்கள். இந்த சிரப் 15 மி.லி.யில் வழக்கமாக 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். அதில் பொட்டாசியம் மட்டும் சுமார் 780 மி.கி. இரண்டு வேளைக்கு 1,560 ஆகிவிட்டது. இளநீரில் 100 மி.லி.க்கு 200 முதல் 250 மி.கி. வரை இருக்கும், 300 மி.லி. தண்ணீருள்ள காய் என்றால் 600, 700 மி.கி. லோ சோடியம் உப்பில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு 5 கிராம் உப்பில் இன்னும் 650. ஆக, சாப்பாட்டில் வருவது போக, தினம் ஏறக்குறைய 2,800 மி.கி. கூடுதலாகப் போகிறது. நம் நாட்டில் ஒரு பெரியவருக்குச் சொல்லப்படும் அளவே நாளைக்கு 3,500 மி.கி.தான், அதுவும் சாப்பாட்டையும் சேர்த்து.

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இது பெரிய பாரமல்ல. உண்ணும் பொட்டாசியத்தில் 90 சதவீதம் அளவுக்குச் சிறுநீரில் போய்விடும். அம்மாவின் நிலை வேறு. 1.3 கிரியாட்டினின் 'கொஞ்சம்தான் அதிகம்' என்று தோன்றும். ஆனால் 67 வயதுப் பெண்ணுக்கு அதைச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனாக மாற்றிப் பார்த்தால் 45 அளவில் வருகிறது. 90க்கு மேல் இருப்பதைத்தான் இயல்பு என்போம். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றியதால் அன்றைக்கு மட்டும் கிரியாட்டினின் ஏறியிருக்கவும் வாய்ப்புண்டு. மறுபடி பார்க்காமல் அது தெரியாது. இதற்கு மேல், டெல்மிசார்டான் பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைக்கும் மருந்து. லோசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் எல்லாமே இந்த விஷயத்தில் அப்படித்தான். நீண்ட நாள் சர்க்கரையும் அதே பக்கம் தள்ளும். நடுவில் மூட்டு வலிக்கு என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டால், மீதியிருக்கும் வழியும் அடைபடும். வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்படியானால் முதலில் 3.1க்கு ஏன் இறங்கியது? வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் நிறையப் போகும். நீர் பிரியும் மாத்திரையான குளோர்தாலிடோன் அதைச் சிறுநீர் வழியாகவும் வெளியேற்றும். இரண்டும் ஒரே சமயத்தில் சேர்ந்துவிட்டன. வயிற்றுப்போக்கு நின்றதுமே பாதிக் காரணம் போய்விட்டது. சிரப் மட்டும் நிற்கவில்லை. மக்னீசியம் பார்க்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. குளோர்தாலிடோன் மக்னீசியத்தையும் குறைக்கும். பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளை வருடக்கணக்கில் சாப்பிட்டாலும் குறையலாம். மக்னீசியம் குறைவாக இருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைத் தக்கவைக்காது. சிரப்பை எவ்வளவு ஊற்றினாலும் ஓட்டைக் குடம்தான். இன்னொன்றையும் அம்மாவிடம் கேளுங்கள்: தொண்டைக்கு என்று தினமும் அதிமதுரம் மெல்லும் பழக்கம், அல்லது கஷாயத்தில் போடும் பழக்கம் உண்டா? அதிமதுரம் தொடர்ந்து உள்ளே போனால் பொட்டாசியம் இறங்கும், பி.பி. ஏறும்.

ரத்தம் எடுக்கும்போது ஒரு கவனம். நரம்பு தெரியவில்லை என்று கையை மூடி மூடித் திறக்கச் சொன்னாலோ, கையில் கட்டும் பட்டையை வெகுநேரம் இறுக்கி வைத்திருந்தாலோ, எடுத்த ரத்தம் பல மணி நேரம் பையிலேயே கிடந்தாலோ, பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும். வீட்டுக்கு வந்து எடுத்துப் போகும் ஆளைவிட, பரிசோதனைக்கூடத்துக்கே நேரில் போய்க் கொடுப்பது இந்த ஒரு பரிசோதனைக்கு நல்லது.

முடிவு 3.5க்கும் 5க்கும் நடுவே இருந்தால் சிரப்புக்கு இனி வேலையில்லை. 5க்கு மேல் 5.5 வரை என்றால் பெரும்பாலும் உணவையும் மருந்தையும் சரிசெய்து ஒரு வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். 5.5ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். 6, அதற்கு மேல் என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு. இவ்வளவு கொடுத்தும் 3.5க்குக் கீழேயே இருந்தால், எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். அதைத் தேட வேண்டும், பாட்டிலைக் கூட்டக் கூடாது.

பிற்பாடு எப்போதாவது சிரப் தேவைப்பட்டால், அதன் மூடியில் அளந்து, அரை டம்ளர் தண்ணீரிலாவது கலந்து, சாப்பிட்ட பிறகு ஐந்து பத்து நிமிடத்தில் மெதுவாகக் குடிக்கச் சொல்லுங்கள். அப்படியே ஊற்றிக்கொண்டால் வயிறு புண்ணாகும், குமட்டும். மாத்திரையாகக் கொடுத்தால் உடைக்கவோ மெல்லவோ கூடாது. உட்கார்ந்து, முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது. தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் வெந்து புண்ணாகிவிடும். சீட்டில் 600 மி.கி. என்று இருந்தால் அது பொட்டாசியம் குளோரைடின் எடை. பொட்டாசியம் அதில் பாதி அளவே. சிறுநீர்க் கல்லுக்குக் கொடுக்கும் பொட்டாசியம் சிட்ரேட்டில் உள்ள பொட்டாசியமும் அன்றாட மொத்தக் கணக்கில் சேரும்.

அண்ணன் அனுப்பியதில் உள்ள 99 மி.கி., ஒரு சின்ன வாழைப்பழத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. குறைவு உள்ளவருக்கு அது போதாது, குறைவு இல்லாதவருக்கு அது வேண்டாம். டப்பாவை எடுத்து வைத்துவிடுங்கள்.

உப்பைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2025இல் இத்தகைய உப்பைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் பொட்டாசியம் வெளியேறுவதில் சிக்கல் உள்ளவர்களுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது. அம்மாவுக்குச் சாதாரண அயோடின் உப்பையே குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. இந்துப்புக்கு மாறிப் பயனில்லை. அதிலும் ஏறக்குறைய முழுக்கச் சோடியம் குளோரைடுதான்.

சிறுநீரகம் நன்றாக உள்ள உங்களைப் போன்றவர்களுக்குச் சமையலறையே போதும். வெறும் வெள்ளைச் சோற்றில் பொட்டாசியம் மிகக் குறைவு, வெந்த சோறு 100 கிராமில் 35 மி.கி. அளவுதான். கூட இருப்பவைதான் கொடுக்கின்றன: வெந்த துவரம்பருப்பு ஒரு கிண்ணம் 500 மி.கி.க்கு மேல், 100 கிராம் பசலைக்கீரை 500க்கு மேல், உருளைக்கிழங்கு 100 கிராம் 400, தயிர் ஒரு கிண்ணம் 300, கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராம் 290, சின்ன வாழைப்பழம் ஒன்று 200 முதல் 250. சாம்பார், கீரை, பொரியல், தயிர், மாலையில் சுண்டல், இரண்டு பழம் என்று சாப்பிடுகிறவர் மாத்திரை இல்லாமலே 3,000ஐ நெருங்கிவிடுவார். கீரையைக் குறைந்த தண்ணீரில் வேகவையுங்கள்; காய் வெந்த தண்ணீரைக் கொட்டாமல் ரசத்தில் சேருங்கள், பொட்டாசியம் அதில்தான் இறங்கியிருக்கும்.

அம்மாவுக்குப் பொட்டாசியம் ஏறியிருந்தால் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். முருங்கைக்கீரை சூப், காய்கறி சூப், பழச்சாறு வேண்டாம். முடிவு இயல்பாக வந்தால் கீரை, பருப்பு, பழம் எதையும் பயந்து நிறுத்த வேண்டியதில்லை.

கெண்டைக்கால் பிடிப்புக்கு வருகிறேன். இரவில் வரும் பிடிப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொட்டாசியம் காரணமே இல்லை. வயது, நீண்ட காலச் சர்க்கரையால் நரம்பில் வரும் பாதிப்பு, நீர் பிரியும் மாத்திரைகள் எல்லாம் காரணமாகலாம். படுக்கும் முன் சுவரைப் பார்த்து நின்று, இரு கைகளையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாயச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 20 விநாடி, மூன்று முறை. பிடித்துக்கொண்டால் முட்டியை நீட்டி, பாதத்தின் முன்பகுதியை முகத்தை நோக்கி இழுத்துப் பிடித்தால் விட்டுவிடும்.

அடுத்த முறை வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால், முதல் நாளே மருத்துவருக்குப் போன் செய்து, டெல்மிசார்டான், குளோர்தாலிடோன், மெட்ஃபார்மின் மூன்றையும் அன்றைக்குச் சாப்பிடலாமா, நிறுத்தி வைக்கவா என்று கேளுங்கள். 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அதிலேயே பொட்டாசியம் இருக்கிறது. கூடவே சிரப்பையும் திறக்க வேண்டாம்.