பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

டீச்சரம்மாவைக் கேளுங்கள்

(பதில் சொல்பவர் சிவகாசி வட்டாரக் கிராமம் ஒன்றில் 36 ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து 2022இல் ஓய்வு பெற்றவர். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குக் கதையும் புத்தகமும் கொடுப்பது பற்றித்தான்.)

டீச்சரம்மா, எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் இதை எழுதுகிறது. எனக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. மகளுக்கு மூன்று வயது. பால்வாடியில் ஒரு படப் புத்தகம் கொடுத்து, வீட்டில் படித்துக் காட்டச் சொன்னார்கள். நான் எதைப் படித்துக் காட்ட?
- ஒரு தாய், சாத்தூர் அருகே

உங்களுக்கு எழுத்து தெரியாது, சரி. மூன்று வயது மகளுக்கு மட்டும் தெரியுமா? அந்தப் புத்தகத்துக்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்புதான். படத்தைப் பார்த்துப் பேசுங்கள். "இது என்ன, சொல்லு" என்று மட்டும் கேட்டுக்கொண்டே போகாதீர்கள், அது பரீட்சை. "இந்தக் கோழி இவ்வளவு அவசரமா எங்கே போகுது?" என்று கேளுங்கள். அவள் எதையாவது சொல்வாள். "அய்யோ, அப்புறம்?" என்று நீங்கள் கேட்டால் போதும், கதை தானாக நடக்கும். புத்தகத்தில் எழுதியிருப்பது வேறு கதையாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1986இல். அப்போது எங்கள் மையத்துக்கு அரிசி வரும், பருப்பு வரும், எடை போடத் தராசு வரும். புத்தகம் வராது. ஒரு பிள்ளையின் அப்பா அச்சாபீசில் வேலை பார்த்தார். மெஷினில் மை சரியாக விழுகிறதா என்று பார்க்க முதலில் ஓட்டுகிற வேஸ்ட் தாள்களை அவர் கட்டாகக் கொண்டுவந்து போட்டார். ஒரே தாளில் மேலே மேலே நாலைந்து படம் விழுந்திருக்கும். காலண்டர் முருகன் முகத்தில் நோட்டு அட்டை யானை, அதன் வயிற்றுக்குள் ஊறுகாய் பாட்டில். குப்பைக்குப் போக வேண்டிய தாள்தான். பிள்ளைகள் விடவில்லை. யானை ஏன் ஊறுகாயை விழுங்கியது, அப்புறம் அதற்கு எப்படித் தாகம் எடுத்தது என்று ஒரு வாரம் ஓடியது அந்தக் கதை. அதைப் பிரமாதமாகச் சொன்னவர் யார் தெரியுமா? பிள்ளையைக் கூப்பிட வந்த ஒரு அம்மா. கைநாட்டுதான்.

அசதி எனக்குத் தெரியும். ஆபீஸ் பஸ்ஸில் இறங்கி, தண்ணீர் பிடித்து, உலை வைக்கிற நேரத்தில் புத்தகமா என்று தோன்றும். தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். எப்படியும் தலை வாரி விடுவீர்கள் இல்லையா, அந்தப் பத்து நிமிடம் புத்தகம் அவள் மடியில் இருக்கட்டும். சிக்கு எடுக்கும்போது அழாமலும் இருப்பாள்.

இன்னொன்று. உங்களுக்குக் கடிதம் எழுதித் தந்த பிள்ளை பள்ளிக்கூடத்துப் பிள்ளைதானே? அரசுப் பள்ளிகளில் 2023இல் வாசிப்பு இயக்கம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். அதற்காக நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிகளில் ஒல்லி ஒல்லியான கதைப் புத்தகங்கள் போட்டார்கள். 'நுழை' புத்தகம் ஒன்று கிடைக்குமா என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். அது உங்கள் மகளுக்கு வாசித்துக் காட்டட்டும். வாசிக்கிற பிள்ளைக்கும் வாசிப்பு தெளியும், உங்களுக்கும் சோறு வடிக்க நேரம் கிடைக்கும்.

எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு அழகான கதைப் புத்தகங்களும் விளையாட்டுச் சாமான்களும் வந்தன. அந்த டீச்சர் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். அதிகாரிகள் வரும் அன்று மட்டும் வெளியே எடுக்கிறார். யாரிடம் புகார் செய்யலாம்?
- ஒரு வாசகர், திருவில்லிபுத்தூர்

புகார் செய்வதற்கு முன் என் கதையைக் கேளுங்கள் தம்பி. நானும் பூட்டினவள்தான்.

எங்கள் மையத்துக்கு முதல்முறை புத்தகங்கள் வந்தபோது, கூடவே இருப்புப் பதிவேட்டில் வரிசையாக எழுதிக் கையெழுத்தும் போட வேண்டியிருந்தது. கிழிந்தால், காணாமல் போனால் என் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று பயம். பிடிப்போம் என்று யாரும் சொல்லவில்லை, பிடிக்க மாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. என் சம்பளத்துக்கு அந்தப் பயமே போதும். மூன்று வயதுப் பிள்ளை புத்தகத்தை முதலில் கடிக்கும், அப்புறம் மிதிக்கும், அப்புறம்தான் பார்க்கும். ஒரு வருஷம் போல அந்தப் புத்தகங்கள் பீரோவுக்குள்ளேயே கிடந்தன. அதிகாரி வந்தபோது பிள்ளைகள் கையில் கொடுத்தேன். ஒரு பையன் வாங்கி அப்படியே திருப்பி என்னிடம் நீட்டினான். எப்படியும் பிடுங்கிக்கொள்வேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வந்தவர் அதைக் கவனிக்கவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

மறுநாள் சாவியை எங்கள் ஆயாவிடம் கொடுத்துவிட்டேன். கிழிந்ததைக் கோந்து போட்டு ஒட்டுவது வெள்ளிக்கிழமை வேலை. பிள்ளைகளும் சேர்ந்து ஒட்டுவார்கள். ஒட்டவே முடியாதபடி ஆனதை "பயன்படுத்தியதால் கிழிந்தது" என்று எழுதி வைத்தேன். ஓய்வு பெறும்வரை பைசா பிடிக்கவில்லை.

அதனால் உங்கள் ஊர் டீச்சரிடம் போய், "புத்தகம் கிழிந்தால் எங்கள் தெருவே வாங்கித் தரும்" என்று நாலு பெற்றோர் சேர்ந்து சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பூட்டினால் அப்போது புகாரைப் பற்றி யோசிக்கலாம்.

என் வீட்டில் 200 பழைய புத்தகங்கள் உள்ளன. அங்கன்வாடிக்கு நன்கொடையாகக் கொடுக்க விரும்புகிறேன்.
- ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், மதுரை

பட்டியலும் அனுப்பியிருக்கிறீர்கள் ஐயா. போட்டித் தேர்வு வழிகாட்டி, ஜோதிடம், 1998ஆம் வருஷத்து வருமான வரிக் கையேடு. என் பிள்ளைகள் யாரும் வரி கட்டுவதில்லை. இவற்றை எடைக்குப் போட்டுவிட்டு, கிடைக்கிற பணத்தில் புதிதாகப் பத்துப் படப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

எங்கள் சுய உதவிக் குழுவில் 6,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். தெருவில் உள்ள ஏழைக் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மாலை கதை நேரம் நடத்த ஆசை. அலமாரிக்கு 4,000, புத்தகத்துக்கு 2,000 என்று திட்டம். சரியா?
- குழு உறுப்பினர்கள், வெம்பக்கோட்டை பகுதி

ஆசை சரி, அலமாரி தப்பு. கதவு இருந்தால் பூட்டு வரும், பூட்டு வந்தால் என் கதைதான். ஒரு கொடிக் கயிறும் துணி மாட்டுகிற கிளிப்பும் வாங்குங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கட்டி, அட்டை முன்னால் தெரிகிற மாதிரி புத்தகங்களைத் தொங்க விடுங்கள். எழுத்து தெரியாத பிள்ளை அட்டையைப் பார்த்துத்தானே எடுக்கும்?

மிச்சப் பணம் முழுவதும் புத்தகத்துக்கு. நேஷனல் புக் டிரஸ்ட், புக்ஸ் ஃபார் சில்ரன், சென்னையில் உள்ள தூலிகா என்று நல்ல படப் புத்தகங்கள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் ரெண்டு வரிக்கு மேல் இருந்தால் இந்த வயதுக்கு எடுக்காதீர்கள். 'கதையின் நீதி' என்று கடைசியில் அச்சடித்த புத்தகத்தையும் நான் வாங்க மாட்டேன், அது என் பிடிவாதம்.

சனிக்கிழமை மாலை வேண்டாம். நம் பக்கம் அன்றுதான் வாரச் சம்பளம் கைக்கு வரும், அம்மாக்கள் கடைக்குப் போவார்கள், பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டு போகும். ஞாயிறு காலை வையுங்கள். சுண்டல் கொடுப்பதானால் கதைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பசித்த பிள்ளைக்குக் கதை காதில் ஏறாது. முடிந்த பிறகுதான் சுண்டல் என்றால் அது எப்போது முடியும் என்றே பார்த்துக்கொண்டிருக்கும்.

'ஏழைக் குழந்தைகளுக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை அறிவிப்பில் போடாதீர்கள். தெருப் பிள்ளைகள் எல்லோரும் வரட்டும். ஏழைக்கு மட்டும் என்று கூப்பிட்டால் மானமுள்ள அம்மா அனுப்ப மாட்டாள். புத்தகம் கொடுக்கும்போது போட்டோ எடுப்பதும் அப்படித்தான்.

பக்கத்து நூலகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். வீட்டு வரி கட்டும்போது கூடவே நூலக வரியும் கட்டுகிறோம், ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948இல் சென்னை மாகாணத்தில் போட்ட சட்டம் அது. ஏற்கெனவே காசு கொடுத்த கடைக்குப் போய்ச் சாமான் வாங்காமல் வருவோமா? 1931லேயே மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பியிருக்கிறார். உங்களிடம் மாட்டு வண்டி இல்லாவிட்டாலும் குழுவில் யாரிடமாவது ஸ்கூட்டி இருக்கும்.

பக்கத்து அறையில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் இருக்கிறது. நாலு வயதுக் குழந்தை, நாள் முழுக்க அறையிலேயே இருக்கிறது. தமிழ் தெரியாமல் அங்கன்வாடியில் சேர்க்க முடியுமா?
- பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்

தாராளமாகச் சேர்க்கலாம். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். நாலு வயதுக்குத் தமிழ் ஒரு பெரிய விஷயமே இல்லை, ஊஞ்சல் சண்டையிலேயே பாதி வந்துவிடும். ஆனால் வீட்டில் அம்மா ஒடியாவில்தான் பேச வேண்டும், கதையும் ஒடியாவில்தான் சொல்ல வேண்டும் என்று எப்படியாவது புரியவையுங்கள். சீக்கிரம் தமிழ் வரட்டும் என்று வீட்டு மொழியை நிறுத்திவிட்டால் பிள்ளை ரெண்டிலும் ஊமையாக நிற்கும்.

உங்கள் போனில் ஸ்டோரிவீவர் என்று தேடுங்கள். பிள்ளைகள் புத்தகம் போடுகிற பிரதம் புக்ஸ்காரர்கள் 2015இல் ஆரம்பித்த கதை இணையதளம் அது, காசு கிடையாது. ஒரே கதையே பல மொழிகளில் இருக்கும். அந்த அம்மா ஒடியாவில் சொல்லட்டும், அதையே உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள் தமிழில் சொல்லுங்கள். ரெண்டு பிள்ளைகளும் படத்தைக் காட்டித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்.

மகனுக்கு இரண்டரை வயது. இன்னும் ஏ, பி, சி, டி சொல்லவில்லை. 'அ' எழுதவும் வரவில்லை. கவலையாக இருக்கிறது.
- ஒரு தந்தை, கோவில்பட்டி

தம்பி, அவன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஏதாவது உளறுகிறானா? அதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.