பெர்லினில் ஒரு மாதத்துக்குள் வீடு கிடைக்குமா?

தம்பி, அடுத்த மாதம் பெர்லினில் வேலைக்குச் சேர்வதாகவும், கம்பெனி முதல் மாதத்துக்கு மட்டும் தங்க இடம் தருவதாகவும், மனைவியும் குழந்தையும் வருவதற்குள் நல்ல வாடகை வீடு பிடித்துவிட முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு மாதத்தில் நிரந்தர வீடு கிடைப்பது ரொம்பக் கஷ்டம். கிடைத்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதை நம்பி குடும்பத்துக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். முதலில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு, சாமான்களோடு ஒரு தற்காலிக வீடு எடுங்கள். அங்கே இருந்துகொண்டு நிரந்தர வீட்டைத் தேடுங்கள்.

தற்காலிக வீட்டுக்கு வாடகை அதிகம், கொடுக்க மனசு வராது. இருந்தாலும் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: அந்த முகவரியில் ஆன்மெல்டுங், அதாவது குடியிருப்புப் பதிவு, செய்ய முடிய வேண்டும். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம், அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட சான்று தேவை. பதிந்த பிறகுதான் உங்கள் வரி எண் தபாலில் வரும், அது இல்லாமல் நாள் தள்ளினால் சம்பளத்தில் வரி கூடுதலாகப் பிடிப்பார்கள். அப்புறம் விசா நீட்டிப்பு, குழந்தைக்கு கிண்டர்கார்டன் இடம் என்று போகிற இடமெல்லாம் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள். 'பதிவு செய்ய முடியாது' என்று விளம்பரத்தில் இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தாண்டிப் போய்விடுங்கள். பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைப்பதும் பெரும்பாடுதான், ஆனால் உங்கள் பகுதி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, நகரத்தில் எந்த ப்யூர்கர்ஆம்ட்டிலும், அதாவது எந்தப் பதிவு அலுவலகத்திலும், பதியலாம். ரத்தாகும் நேரங்களைப் பிடிக்கக் காலையிலேயே இணையத்தில் பாருங்கள்.

சரி, இனி நிரந்தர வீடு. விளம்பரம் வந்த கொஞ்ச நேரத்திலேயே விண்ணப்பங்கள் குவிந்து, விளம்பரத்தையே எடுத்துவிடுவார்கள். அதனால் வீட்டைப் பார்த்த பிறகு காகிதம் திரட்டலாம் என்று இருந்தால் வீடு கைநழுவிவிடும். இப்போதே ஒரே பிடிஎஃப் கோப்பாகச் செய்துகொள்ளுங்கள்: பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரரிடம் வாடகை பாக்கி இல்லை என்ற கடிதம், அப்புறம் ஷூஃபா. ஷூஃபா என்பது நம் ஊர் சிபில் ஸ்கோர் மாதிரி, கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று சொல்லும் சான்று. புதிதாக வருகிறவருக்கு அதில் ஒன்றுமே இருக்காது, இந்தியச் சம்பளச் சீட்டைப் பார்த்தும் பலருக்குப் புரியாது. அதற்காகப் பயப்பட வேண்டாம், உங்கள் சம்பளம் எவ்வளவு, வேலை நிரந்தரமா, தகுதிகாண் காலம் (ப்ரொபேஷன்) எப்போது முடியும் என்று கம்பெனி எச்ஆரிடம் ஜெர்மனில் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். கைக்கு வரும் சம்பளம் வாடகையைப் போல மூன்று மடங்காவது இருக்கிறதா என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறார்கள்.

விண்ணப்பச் செய்தியை ஜெர்மனில் எழுதுங்கள். நீங்கள் யார், எத்தனை பேர், என்ன வேலை, எப்போது குடிவர முடியும், காகிதங்கள் தயார். இவ்வளவு போதும், ஐந்தாறு வரி. வெளிநாட்டுப் பெயரைப் பார்த்ததும் பதில் போடாதவர்கள் இருக்கிறார்கள், 2006-இல் இருந்தே பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் இருந்தும் இது நடக்கிறது. எனக்கு இன்றும் கோபம் வருகிற விஷயம் இது. நீங்கள் மனம் தளர வேண்டாம், பதில் வராததை உங்கள் தகுதியோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

எங்கே தேடுவது? இம்மோஸ்கவுட் என்ற வீட்டு விளம்பரத் தளத்தை எல்லோரும் சொல்வார்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள். பெர்லின் அரசுக்குச் சொந்தமாக ஆறு வீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன: டெகேவோ, கேசோபாவ், கேவோபாக், ஹோவோகே, ஷ்டாட் உண்ட் லாண்ட், வேபேஎம். இவற்றின் வீடுகள் இன்பெர்லின்வோனன் என்ற ஒரே தளத்தில் வரும், வாடகையும் தனியாரை விடக் குறைவு. அவற்றில் பல வீடுகளுக்குக் குறைந்த வருமானச் சான்று கேட்பார்கள், கேட்காதவற்றையும் தினமும் பாருங்கள். இன்னொரு வழி, காலி செய்கிற வாடகைதாரர் தனக்குப் பதிலாக ஆள் சொல்வது. ஆபீஸில் எல்லோரிடமும் வீடு தேடுவதாகச் சொல்லி வையுங்கள், நம்மவர்கள் நிறையப் பேருக்கு இப்படித்தான் கிடைத்தது.

ப்ரென்ஸ்லாவர் பெர்க், க்ராய்ட்ஸ்பெர்க், ஃப்ரீட்ரிக்ஸ்ஹைன் என்று எல்லோரும் கேட்கும் மூன்று பகுதிகளின் பெயரையே பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள். நகர மையத்தைச் சுற்றி ஓடும் வட்ட ரயில் பாதைக்கு வெளியே ஷ்பாண்டாவ், லிக்டன்பெர்க், கோப்பெனிக் பக்கமெல்லாம் குழந்தையோடு இருக்க நல்ல இடங்கள், ரயில் வசதியும் உண்டு. நகர எல்லையைத் தாண்டிய பெர்னாவ், ஓரானியன்பூர்க் வரை எஸ்-பான் என்ற நகர ரயில் போகிறது.

விளம்பரத்தில் அறைக் கணக்கைக் கவனியுங்கள், ஹாலையும் ஒரு அறையாக எண்ணுவார்கள். நம் டூ பெட்ரூம் இங்கே மூன்று அறை வீடு. சில வீடுகளில் சமையலறை என்றால் வெறும் சுவர்தான், அலமாரி நாம்தான் வாங்கி மாட்ட வேண்டும். 'கால்ட்' என்று போட்டிருப்பது வெறும் வாடகை, 'வார்ம்' என்பது சூடேற்றும் செலவும் பராமரிப்பும் சேர்ந்தது, மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் தனி. அட்வான்ஸாக மூன்று மாத கால்ட் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை, அதை மூன்று தவணையாகக் கட்டும் உரிமையும் உங்களுக்கு உண்டு. புரோக்கரை அமர்த்தியவர்தான் கமிஷன் தர வேண்டும் என்று 2015 ஜூனிலிருந்து விதி.

இப்போது நான் சொல்வதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புங்கள், சாவியைப் பார்சலில் அனுப்புகிறேன்' என்று அழகான போட்டோவோடு, நம்ப முடியாத குறைந்த வாடகையில் ஒருவர் எழுதினால் அது மோசடி. ஊரிலிருந்து வருவதற்கு முன்பே வீடு பிடிக்கத் துடிப்பவர்களைக் குறிவைத்துத்தான் இதைச் செய்கிறார்கள். வீட்டை நேரில் பார்க்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்தாகாமல் ஒரு யூரோ கூட அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட் நகலையும் முதல் செய்தியிலேயே கொடுத்துவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைப் படியுங்கள்: வாடகை ஆண்டுதோறும் தானாக ஏறுமா, எத்தனை ஆண்டுக்குக் காலி செய்ய முடியாது என்று போட்டிருக்கிறதா. வாடகை அநியாயமாகத் தெரிந்தால் கையெழுத்துப் போடும் முன் சண்டை பிடிக்காதீர்கள், வீடு அடுத்தவருக்குப் போய்விடும். குடிவந்த பிறகு வாடகைதாரர் சங்கத்தில் சேர்ந்து, வாடகை உச்சவரம்புச் சட்டப்படி சரியா என்று கேளுங்கள், பிறகும் குறைக்கச் சொல்ல முடியும்.

தற்காலிக வீட்டில் நுழைந்த அன்றே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள், பெயர் இல்லாவிட்டால் வரி எண் கடிதம் திரும்பிப் போய்விடும். விண்ணப்பச் செய்தியை ஜெர்மனில் எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.